மரக்கா பிடிச்சவன் சொல்றேன், கேளு பாப்பா

பாப்பா, இப்படி வந்து உக்காரு. லீவுக்கு வந்ததுலேருந்து உங்க கம்பெனி மெஷினைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்குற. வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்துச்சாம், தூசு பட்டா நின்னுடுமாம், அதைத் தொடறதுக்கே தனியா உடுப்பு போடணுமாம். அதுக்குள்ள ஒரு சின்னத் தட்டு. தட்டுல கெட்டியா ஒரு பசை. பசைமேல ஒரு கத்தி. கத்தி அந்தப் பசையை வழிச்சு ஒரே கனத்துக்குப் பரப்புதாம், அதுக்குப் பேரு மீட்டரிங் பிளேடாம். நீ நோட்டுல படம் போட்டுக் காட்டினதும் எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஏன் சிரிக்கிறேன்னு உங்க ஆயா கேட்டா. ஏன்டி, நாம களத்துல நெல்லு அளக்கும்போது மரக்காமேல தலைதட்டுற கோலு இருக்குதே, அதை இரும்புல செஞ்சு கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கான்டின்னு சொன்னேன். அவளும் சிரிச்சா. நீ மட்டும் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிட்ட.

கோவிச்சுக்காத. நான் எட்டாவது தாண்டாதவன். எனக்கு மைக்ரானும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. ஆனா அளவுல எப்படித் திருடுறதுன்னு நல்லாத் தெரியும். அறுப்புக் காலத்துல நம்ம களத்துல மரக்கா என் கையிலதான் இருக்கும். அறுத்தவங்களுக்குக் கூலி, கோயிலுக்குப் பங்கு, குத்தகைக்காரருக்கு நெல்லு, அத்தனையும் இந்தக் கையாலதான் போச்சு. அதனால உன் சூப்பர்வைசரு சொல்லித் தராத சங்கதியை நான் சொல்லித் தரேன். அவரு பெரிய படிப்பு படிச்சவரு, பாவம். திருட்டு தெரிஞ்சிருக்க நியாயமில்லை.

மொதல்ல ஊருப் பெருமையைப் பேசிடலாம், இல்லன்னா தளவானூர்க்காரன்னு சொல்லிக்கிறதுக்கு என்னா மரியாதை? நம்ம மலையில கோயிலைக் குடைஞ்சவன் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூத்தாண்டு ஆரம்பம். அவனுக்குச் சத்துருமல்லன்னு ஒரு பட்டம், அதனால கோயிலு சத்துருமல்லேசுவரம். வாசலுக்கு மேல மகர தோரணம், ரெண்டு பக்கமும் துவாரபாலகருங்க. செஞ்சிக் கோட்டையைப் பாக்க வர்றவங்கள்ல நூத்துல ஒருத்தன் வழி தப்பி இங்க வந்தாலும் போட்டோ எடுத்துக்கிட்டு ஓடிடுவான். அதே ராசா நம்ம பக்கத்துலயே இருக்குற மண்டகப்பட்டுலயும் ஒரு கோயிலைக் குடைஞ்சான். அங்க கல்வெட்டுல பெருமையடிச்சு வெச்சிருக்கான். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இதைச் செஞ்சேன்னு.

அவன் கெட்டிக்காரன் பாப்பா. ஒட்டுனது எதுவும் ஒருநாள் விட்டுக்கும்னு தெரிஞ்சவன். ஒட்டுற வேலையே வேணாம்னு பாறையிலேயே வெட்டிட்டுப் போயிட்டான். ஆயிரத்து நானூறு வருசமாச்சு, ஒரு மூட்டு விட்டுதா? மூட்டு இருந்தாத்தானே விடறதுக்கு! நீங்க செய்யுறது உள்ளங்கை அகலத்துல ஒரு செல்போனு. அதுக்குள்ள ஒட்டு மட்டும் ஆயிரக்கணக்குல. அதுல ஒண்ணு சரியா ஒட்டலைன்னாலும் போனு பிணம். ராசா பக்கத்துல உங்களை நிறுத்திப் பாத்தா எனக்கு உங்க மேலதான் பரிதாபமா இருக்குது.

சரி, ஒட்டியே தீருவேன்னு இறங்கியாச்சு. உன் தட்டுல இருக்குற பசைக்கு நீ சொல்ற பேரு ஃப்ளக்ஸு, அது எதுக்குன்னு உங்க ஆயா கேட்டதுக்கு நீ ஆக்சைடு, ஆக்டிவேட்டருன்னு என்னென்னவோ சொன்ன. அவ தலையாட்டினா. புரிஞ்சு ஆட்டலை, பேத்தி படிச்சிருக்குறான்ற பெருமையில ஆட்டினா. நான் சொல்றேன் கேளு. நம்ம வீட்டுல பித்தளைத் தவலை, குண்டான் எல்லாம் இருந்துச்சே, அதுல அப்படியே புளி போட்டுக் குழம்பு வெச்சா களிம்பு ஏறும். அதுக்காக ஈயம் பூசுறவரு தெருவுல வருவாரு. மரத்தடியில பள்ளம் பறிச்சு, கரியைக் கொட்டி, துருத்தி வெச்சு ஊதுவாரு. பாத்திரம் நல்லாக் காஞ்சதும் நவச்சாரத்தைத் தூவுவாரு. குப்புன்னு வெள்ளைப் புகை கிளம்பும், சின்னப் பசங்க இருமிக்கிட்டே வேடிக்கை பாப்போம். அப்புறம் ஈயத்தை ஒரு தொடு தொட்டு, பஞ்சை வெச்சு ஒரே தேய்ப்பு. உள்பக்கம் வெள்ளியாப் பளபளக்கும்.

நவச்சாரம் போடாம ஈயத்தை வெச்சா என்ன ஆவும் தெரியுமா? உருண்டு உருண்டு ஓடும், ஒட்டாது. செம்போ பித்தளையோ, காத்துப் பட்டா மேல ஒரு தோலு கட்டிக்கும். சூடு பண்ணினா இன்னும் சீக்கிரம் கட்டும். அந்தத் தோலு இருக்குற வரைக்கும் ஈயம் உலோகத்தைத் தொட முடியாது. நவச்சாரம் சூட்டுல பிரிஞ்சு அமிலமாகி அந்தத் தோலைத் தின்னுடும். செஞ்சிக் கடைத்தெருவுல தட்டாரு தாலிக் குண்டுக்குப் பத்தவைக்கும்போது வெங்காரம் வெக்கிறதும் அதே வேலைக்குத்தான். உன் ஆக்சைடு, ஆக்டிவேட்டரு எல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

ஆனா உங்க போர்டுல நவச்சாரத்தைத் தூவினா கொஞ்ச நாள்ல செம்பையே அரிச்சுப்புடும். அதனால ரோசின். பைன் மரத்தைக் கீறி, வடியுற பிசினைக் காய்ச்சி, டர்பன்டைனை ஆவியா எடுத்துட்டா அடியில மிஞ்சுறது அது. இமயமலை அடிவாரத்துல சீர் பைன்னு ஒரு மரம், அதுலேருந்து நம்ம நாட்டுலயே எடுக்குறாங்க. ரோசின்ல இருக்குற அமிலம் சும்மா கிடக்கும்போது சாது. சூடு ஏறினா வேலையைக் காட்டும். ஆறினதும் இறுகி மறுபடி சாதுவாப் படுத்துக்கும். சூடு சரியாப் படாத ஃப்ளக்ஸு என்ன பண்ணும்னு பின்னாடி சொல்றேன்.

நான் ஈயம்னு சொன்னா நீ உடனே திருத்துற, இப்பல்லாம் காரீயம் கிடையாது தாத்தான்னு. தெரியும் தாயி. ஐரோப்பாக்காரன் 2006 ஜூலையிலேருந்து மின்சாமானுல காரீயம் கூடாதுன்னுட்டான். பழைய கலவையில வெள்ளீயம் 63, காரீயம் 37. 183 டிகிரியில தண்ணியா உருகிடும். இப்பச் சிப்போட அடியில இருக்குற, நீங்க ஃப்ளக்ஸுல முக்குற உருண்டையில வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு அரை. அது உருகணும்னா 217-ஐத் தாண்டணும், அடுப்பு அதுக்கு மேலயும் போவணும். சூடு கூடக் கூடத் தோலு சீக்கிரம் கட்டும், ஃப்ளக்ஸுக்கு வேலை ஏறும். சட்டத்தைப் போட்டவன் எங்கயோ இருக்கான், கத்தியைப் பிடிச்சவ தலையில விடியுது.

அதே 2006-லதான் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியாக்காரன் போனு செய்ய ஆரம்பிச்சான். வடக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துப் புள்ளைங்க கூட்டம் கூட்டமா அந்தப் பக்கம் வேலைக்குப் போனதை ஊரே ஆச்சரியமாப் பாத்துச்சு. 2014 நவம்பர்ல கடையைக் கட்டிட்டான். போன புள்ளைங்க கையில சாமர்த்தியம் இருந்துச்சு, நிக்கிறதுக்கு இடந்தான் இல்லை. இப்ப வேற வேற பேருல அதே ரோட்டுல வேலை ஓடுது, நீயும் போற. இதைப் பத்திப் பேச எனக்கு நிறைய இருக்குது, உங்க அப்பன் காதுல விழுந்தா சண்டைக்கு வருவான். கத்திக்கே வர்றேன்.

போனுல மூளைச் சிப்புக்கு மேல நினைவகச் சிப்பை ஏத்தி வெக்கிறீங்களே, அங்கதான் இந்தக் கத்திக்கு மரியாதை. சாதாரணச் சிப்புன்னா போர்டுமேல தகட்டை வெச்சுச் சால்டர் பேஸ்ட்டை அச்சடிச்சுடலாம். ஏற்கெனவே உக்காந்திருக்குற சிப்பு முதுகுல எங்க அச்சடிக்கிறது? அதனால மேல போவப்போற சிப்பைத் தூக்கி, அடியில இருக்குற உருண்டைங்க மட்டும் நனையுறாப்புல ஃப்ளக்ஸுல ஒரு முக்கு. எடு, வை, அடுப்புக்கு அனுப்பு. உருண்டை கால் மில்லிமீட்டர்னா 250 மைக்ரான். பாதிக்குக் கொஞ்சம் மேல நனையணும், 130-லேருந்து 150-க்குள்ள. உன் தலைமுடி ஒண்ணு 70 மைக்ரான் கனம்னு நீதான சொன்ன? அப்ப ரெண்டு முடி ஆழத்துக்குப் பசை நிக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு முக்குக்கும் பசையில குழி விழும், கத்தி வந்து வழிச்சு மறுபடி மட்டம் பண்ணும். சில மெஷின்ல தட்டு சுத்தும், கத்தி நிக்கும். சிலதுல பசைப் பொட்டி முன்னும் பின்னும் போவும், அந்தப் பொட்டியோட அடிவிளிம்பே கத்தி.

இப்பக் களத்துக்கு வா. மரக்காலுல நெல்லைக் கொட்டினா வாய்க்கு மேல கும்பமா நிக்கும். கோலை வெச்சு ஒரு இழுப்பு. கும்பம் சரிஞ்சு வாய் மட்டத்துக்கு வந்துடும். மொதல் மரக்காலை ஒண்ணுன்னு எண்ண மாட்டோம், "லாபம்"னு சொல்லித்தான் கொட்டுவோம். அப்புறம் ரெண்டு, மூணு. பன்னெண்டு மரக்கா ஒரு கலம். பாக்குறவனுக்கு இதுல என்னாடா திருட முடியும்னு தோணும். மரக்கா ஒண்ணு, கோலு ஒண்ணு, அளக்குற ஆளும் ஒருத்தன். ஆனா நாத்து நட்டு அறுத்தவளுக்குப் போவுற கலமும், மிராசுதாரு வீட்டுக்குப் போவுற கலமும் மூட்டையில கட்டித் தூக்கிப் பாத்தா ஒரே எடை இருக்காது. நான் யாருக்குக் கூட அளந்தேன், யாருக்குக் குறைச்சேன்னு கேக்காத. அந்தக் கணக்கெல்லாம் தீந்துபோச்சு.

வித்தை எங்க இருக்குது? கோலுல இருக்குது. விளிம்பு நேரா இருந்தாத்தான் மட்டம். நடுவுல வயிறு தள்ளின கோலு மரக்காலுக்குள்ள இறங்கி நெல்லைத் தோண்டிடும். நடுவுல தேஞ்ச கோலு ஒரு மேட்டை விட்டுட்டுப் போவும். உன் கத்தியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருக்கியா? விளிம்புல ஒரு இடத்துல பொக்கை விழுந்தா, பசையில அந்த இடம் மட்டும் ஒரு கோடு மேடா ஓடும். காஞ்ச ஃப்ளக்ஸு ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டா ஒரு கோடு பள்ளமா ஓடும். அந்தப் பள்ளத்துமேல இறங்குற உருண்டை வரிசைக்கு அன்னிக்குப் பட்டினி. மத்த வரிசையெல்லாம் நல்லா இருக்கும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

அப்புறம் சாய்ப்பு. கோலை ஒரு பக்கம் அழுத்திப் பிடிச்சா ஒரு ஓரம் குறையும், எதிர் ஓரம் கூடும். நடுவுல பாத்தா அளவு சரி. உன் கத்திக்கு ரெண்டு பக்கமும் உயரம் ஒண்ணா இல்லைன்னா இதேதான். உங்க சூப்பர்வைசரு தட்டு நடுவுல மட்டும் அளந்து பாத்துட்டு ஓக்கேன்னு கையெழுத்துப் போட்டிருப்பாரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க நெசமாவே கூடம் கோணல், திட்டு வாங்குறது ஆடுற நீ.

இதுக்கு மேல ஒண்ணு இருக்குது, அதுதான் பெரிய வித்தை, கவனமாக் கேளு. மெஷின்ல கத்திக்கும் தட்டுக்கும் இடைவெளி 200 மைக்ரான்னு வெக்கிற. பசையும் 200 நிக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுற. நிக்காது. கத்தியைத் தொட்டுக்கிட்டு இருக்குற பசை கத்தியோடவே நிக்கப் பாக்கும். தட்டைத் தொட்டுக்கிட்டு இருக்குற பசை தட்டோட ஓடப் பாக்கும். நடுவுல இருக்குறது நடு வேகத்துல போவும். மேல சைபர், கீழ முழு வேகம், சராசரி பாதி. அப்ப அந்தச் சந்துக்குள்ளேருந்து வெளிய வர்றது சந்தோட உயரத்துல பாதியை ஒட்டித்தான் நிக்கும். பசையோட குணம், கத்தி விளிம்பு கூரா மழுங்கலா, பின்னாடி எவ்வளவு பசை முட்டிக்கிட்டு நிக்குது, இதையெல்லாம் பொறுத்துப் பாதிக்கு மேல கொஞ்சம் ஏறும். ஆனா 200-ன்னு வெச்சா 200 வராது. நம்ம கோலு மரக்கா வாயைத் தொட்டுக்கிட்டே போவுது, அதனால வாய் மட்டந்தான் அளவு. உன் கத்தி எதையும் தொடாம அந்தரத்துல நிக்குது. தொடாத கோலுக்கு மரக்காலு மேல என்னா அதிகாரம்?

இதுக்குத்தான் சில தட்டுல பள்ளத்தையே வேணும்ன்ற ஆழத்துக்கு வெட்டிக் கொடுத்துடுறான். கத்தி ரெண்டு பக்கத்துக் கரையையும் தொட்டுக்கிட்டே போவும், பள்ளம் எவ்வளவோ பசை கிட்டத்தட்ட அவ்வளவு. திருகுறதுக்கு ஒண்ணுமில்லை, அதனால திருடுறதுக்கும் ரொம்ப இல்லை. வேற உருண்டை அளவுக்குப் போவணும்னா வேற தட்டு வாங்கணும், அதுக்கு ஆபீஸுல காசு கேக்கணும். திருகு வெச்ச தட்டுன்னா ஒரே தட்டுல எல்லாத்தையும் ஓட்டிடலாம். எந்தக் கம்பெனிக்காரனும் எதைத் தேர்ந்தெடுப்பான்னு நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?

நெல்லுலயும் பசையிலயும் இன்னொரு ஒத்துமை. காஞ்ச நெல்லு மரக்காலுல சலசலன்னு இறங்கி நெருங்கி உக்காரும். ஈர நெல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுச் சந்து விட்டு நிக்கும். உசரத்துலேருந்து கொட்டினா இறுகும், மெதுவாத் தள்ளினா பொதபொதன்னு இருக்கும். காலையில பனி ஈரத்துல அளந்த கலமும் மத்தியானம் வெயில்ல அளந்த கலமும் வேற வேற. உன் ஃப்ளக்ஸும் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தட்டுல பரப்பி வெச்சா அதுல இருக்குற கரைப்பான் மெதுவா ஆவியாப் போவும், பசை இறுகும். அடைமழைக் காலத்துல ஏசி சரியில்லன்னா ஈரத்தை இழுத்துக்கும். இறுகின பசையில சிப்பை முக்கித் தூக்கும்போது பசை விட மாட்டேன்னு பிடிக்கும். அவசரமாத் தூக்கினா சிப்பு தட்டுலயே நின்னுடும், சிப்பைப் பிடிச்ச மெஷினோட மூக்கு மட்டும் வெறும் மூக்கா மேல போவும். அப்பத்தான் மெஷினு அலறும், நீ ஓடி வருவ.

இப்ப உனக்குச் சீக்கிரம் பிரமோஷன் வாங்குற வழி சொல்றேன், வெளிய சொல்லாத. கத்தியைத் துடைக்காத, துடைச்சா லைன் நிக்கும், லைன் நின்னா கணக்கு குறையும். பழைய பசை மேலேயே புதுப் பசையை ஊத்து, கம்பெனிக்கு மிச்சம். ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்த டப்பாவை ஆற விடாம உடனே திற, மூடியில வேத்து உள்ள தண்ணி விழுந்தா விழட்டும், பொறுமையா இருக்கச் சொல்றவனுக்குத் தொழில் தெரியாது. அளவு குறையுற மாதிரி தெரிஞ்சா கத்தியை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடு. சந்தேகம் வந்தா இன்னும் கொஞ்சம். கூடுதலா இருந்தா நல்லதுதானன்னு யாராவது பெரியவங்க சொல்லுவாங்க, தலையாட்டு. நாலு பேரு தலையாட்டினா அது விதிமுறை ஆயிடும்.

கூடுதலா இருந்தா என்ன ஆவும்? பசை உருண்டையைத் தாண்டிச் சிப்போட அடிவயித்துல ஏறும். அடுப்புல சூடு ஏறும்போது சிப்பு பசைமேல மிதந்து ரொம்பத் தள்ளி நகர்ந்துட்டா போச்சு, உருண்டை பக்கத்து இடத்துல உக்காந்துக்கும். நகராம நின்னாலும் மிச்சப் பசை உள்ள மாட்டிக்கும். சூடு அரைகுறையாப் பட்ட இடத்துல ஃப்ளக்ஸுல கலந்த ஆக்டிவேட்டரு அடங்காமலே கிடக்கும். சிப்புக்கு அடியில செலுத்தி ஒட்ட வெக்கிற பிசின் அந்த இடத்துல சரியாப் பிடிக்காது. போனை வாங்கினவன் கடலூருப் பக்கம் மீன் கடையில நின்னு பேசுறான்னு வெச்சுக்கோ, உப்புக் காத்து, ஈரம். உள்ள மின்சாரம் ஓடுது. ரெண்டு புள்ளிக்கு நடுவுல உலோகம் கரைஞ்சு ஊசி ஊசியா வளந்து ஒருநாள் தொட்டுக்கும். போனு சூடாகும், சாகும். அவன் கடைக்காரனைத் திட்டுவான். உன்னை யாருக்கும் தெரியாது, நீ தப்பிச்ச.

குறைச்சலா இருந்தா? தோலு உரியாது. உருண்டை உருகும், எதிர்ல இருக்குறதும் உருகும், ஆனா ரெண்டும் கலக்காது. உருண்டை ஒரு குழியில அழகாத் தலை சாய்ச்சுப் படுத்திருக்கும். ஹெட் இன் பில்லோன்னு அதுக்குப் பேரு வெச்சவன் குசும்பன்தான். எக்ஸ்ரேயில பாத்தாலும் சட்டுன்னு தெரியாது, தொட்டுக்கிட்டுத்தானே இருக்குது. டெஸ்டுல மின்சாரம் போவும், பாஸ். அட்டைப் பொட்டியில போட்டு அனுப்பிடுவீங்க. வாங்கினவன் ஒருதரம் கீழ போட்டதும் விட்டுக்கும். ரெண்டு தப்புல இதுதான் எனக்குப் பொல்லாததாத் தோணுது. கூடினது எங்கயாவது வழிஞ்சு கண்ணுல படும். குறைஞ்சது நல்லவனா நடிக்கும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்றதுண்டு. நம்ம ஊருக்காரன் அதைச் சொல்லிட்டு மரக்காலை மட்டும் பாப்பான், நெல்லைப் பாக்க மாட்டான். உங்க ஆளும் அப்படித்தான், திரையில வர்ற நம்பரைப் பாப்பாரு, பசையைப் பாக்க மாட்டாரு. அந்த நம்பரு என்னா? கத்தி எங்க நிக்குதுன்னு சொல்றது. பசை எவ்வளவு நிக்குதுன்னு சொல்றது இல்லை. ராசராச சோழன் காலத்துலயே தஞ்சாவூருப் பெரிய கோயில் கல்வெட்டுல ஆடவல்லான்னு பேரு வெச்ச மரக்காலு வருது. எந்த மரக்காலால அளந்ததுன்னு கல்லுல வெட்டி வெக்கிற அளவுக்கு ஊருக்கு ஊரு அளவு ஆடியிருக்குது. செஞ்சிக் கோட்டை அடிவாரத்துல களஞ்சியம் நிக்குதே, 2025-ல யுனெஸ்கோக்காரன் கோட்டையைப் பட்டியல்ல சேத்ததும் எல்லாரும் போய்ப் பாத்தாங்களே, அவ்வளவு பெரிய களஞ்சியத்துக்குள்ள நெல்லு போனதும் எவனோ ஒருத்தன் கோலு பிடிச்ச கணக்குலதான. மலைமேல ராசா சாப்பிட்ட சோத்துக்கே அந்தக் கை மனசு வெக்கணும்.

அதனால பசையையே அளக்கப் பழகு. உங்ககிட்ட ஒரு சீப்பு கேஜு இருக்குமே, பல்லு பல்லா, ஒவ்வொரு பல்லும் ஒரு உசரம். அதை ஈரப் பசையில நிமிர்த்தி அழுத்தி எடு. எந்தப் பல்லு வரைக்கும் நனைஞ்சிருக்குது, அடுத்து எந்தப் பல்லு நனையலை, ரெண்டுக்கும் நடுவுலதான் அளவு. நடுவுல ஒருதரம், ரெண்டு ஓரத்துல ஒவ்வொருதரம். மூணும் ஒண்ணாச் சொன்னா கத்தி நேரா இருக்குது. அளந்த பிறகு சீப்பைத் துடைச்சு வை, ஈரப் பல்லோட அடுத்தவகிட்ட கொடுத்தா அவளுக்கு எல்லாமே நனைஞ்சதாத்தான் தெரியும். அளந்த இடத்துல கோடு விழுந்திருக்கும், கத்தியை ஒருதரம் ஓட்டி மட்டம் பண்ணிட்டுத்தான் சிப்பை முக்கணும். கண்ணாடித் துண்டுல ஒரு முக்கு முக்கி வெச்சுப் பாக்குற பழக்கம் இருந்தா அதுவும் நல்லது. எல்லா உருண்டையும் ஒரே அளவுல பொட்டு வெச்சிருக்குதான்னு கண்ணுக்கே தெரிஞ்சுடும், அதுக்கு எட்டாவதே போதும்.

டீ குடிக்கப் போயிட்டு வந்தாலும் ஷிஃப்டு மாறினாலும் சும்மா நின்ன பசை மேல ஏடு கட்டியிருக்கும். வந்ததும் சிப்பை முக்காத. கத்தியைக் கொஞ்சம் சும்மா ஓட்டிவிடு, பசை கலங்கிப் பழைய பதத்துக்கு வரட்டும். அந்த நேரத்துல போர்டு எதுவும் போவாது, உங்க ஆளு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு வந்து நிப்பாரு. இப்படி யாரு செய்யச் சொன்னான்னு கேப்பாரு. தாத்தா சொன்னாருன்னு சொல்லாத, தளவானூருக் கிழவனுக்கு என்ன தெரியும்னு சிரிப்பாரு. மெஷினோட வந்த மேனுவல்லயே போட்டிருக்குது சார்னு சொல்லு. மேனுவல்ல போட்டிருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.